பாஸ்கட்பால் ரிங்குக்கு ரெண்டு கோட்டு

உங்களைச் சிரிக்க வைப்பது என் பொறுப்பு. ஆனால் இப்போதே இல்லை. முதலில் துரு சுரண்ட வேண்டும்.

எனக்கு எல்லாக் குரலும் வரும். வடசேரி பஸ் ஸ்டாண்டு அறிவிப்பு, மீன் ஏலம் போடுகிறவர், எங்கள் பி.டி. சார். சொந்தக் குரலில் பேசினால்தான் யாரும் கவனிப்பதில்லை.

எங்கள் வீடு முட்டத்தில், கடலுக்கு எதிரே. முற்றத்தில் அப்பா ஊன்றிய பாஸ்கட்பால் போஸ்ட். உப்புக்காற்றில் ரிங் பப்படம் மாதிரி உதிர ஆரம்பித்திருந்தது. வலை என்ற பெயரில் நாலு நூல் தொங்கியது.

அப்பா ஆபேல் திருவனந்தபுரத்தில் கட்டட வேலை. சனிக்கிழமைதான் வருவார். போன வாரம் ரிங்கைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"லேய் ஜெஃப்ரின், அடுத்த சனிக்குள்ள இத ஒழுங்காக்கல்லன்னா, அறுத்து ஆக்கர் கடையில எடைக்குப் போட்டிருவேன்."

அறுத்தால் என் கதை முடிந்தது. சாயங்காலம் வருகிற பையன்கள் பந்துக்காக வருகிறார்கள். இடையில் என் மிமிக்ரியைச் சகித்துக்கொள்கிறார்கள். ரிங் போனால் நான் கோழிகளுக்குத்தான் பி.டி. சாரைப் பேசிக்காட்ட வேண்டும்.

ஏணி, உப்புத்தாள், பெயின்ட் எல்லாம் மதிலுக்கு அந்தப்பக்கம், ராஜமணி மாமா வீட்டில் இருந்தன. மீன்பிடித் தடைக்காலம். மாமா தன் படகுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். முன்பெல்லாம் படகுக்கு அடித்த மிச்சம் எங்கள் ரிங்குக்கு வரும். ரெண்டு வருஷம் முன்னால் மாமா போஸ்ட்டுக்குப் பச்சை அடித்தார். "இது எனக்க வீடா, உனக்க படகா?" என்றார் அப்பா. அன்றோடு பேச்சு நின்றது.

அப்பா சொல்வார்: "அவன் வந்து பேசட்டும்."

மாமா சொல்வார்: "அவன் மொதல்ல விளிக்கட்டும்."

ரெண்டு குரலும் எனக்கு மனப்பாடம்.

செவ்வாய்க்கிழமை மழை விட்டது. என் கூட்டாளி டிஜோவின் போனை வாங்கினேன். முற்றத்தில் நின்று வயிற்றை முன்னால் தள்ளி, அப்பாவானேன்.

"லேய் ராஜமணி, நான் ஆபேலாக்கும். எனக்க போன் செத்துப்போச்சு. கூட சோலி செய்யிற பயலுக்க போன்ல விளிக்கேன்."

அந்தப்பக்கம் பெயின்ட் டப்பாவை மூடுகிற சத்தம் கேட்டது.

"சொல்லு ஆபேல்."

"அந்த ரிங்கு துருப்பிடிச்சுக் கெடக்கு. நீ ஒண்ணு பாத்தா கொள்ளாம்."

"பச்ச அடிக்கலாமா?"

யோசிக்க நேரமில்லை. "உனக்கு இஷ்டமுள்ளத அடிடே."

"செரி ஆபேல்."

போனை வைத்துவிட்டு நானும் டிஜோவும் மண்ணில் உருண்டு சிரித்தோம். நீங்கள் பொறுங்கள்.

அரைமணி நேரத்தில் மாமா ஏணியோடு வந்தார். உப்புத்தாளை என் கையில் திணித்தார்.

"ஏறு மக்கா. நீதான் சொரண்டணும்னு உனக்க அப்பன் சொன்னான்."

நான் எங்கே சொன்னேன்?

"அப்பா அப்பிடிச் சொல்..." பாதியில் விழுங்கினேன். சொல்லவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்?

புதன்கிழமை: "பிரைமரும் நீதான் அடிக்கணுமாம்."

வியாழக்கிழமை: "ஜன்னல் கம்பிக்கும் சேத்து ரெண்டு கோட்டு அடிக்கச் சொன்னான், கேட்டியா?"

வெள்ளிக்கிழமை, பரோட்டாவைப் பிய்த்தபடி: "உனக்கு வாங்கிக் குடுக்காண்டாம்னும் சொன்னான்."

"லேய், உனக்க அப்பா நெசமாவே விளிச்சிருப்பாரோ?" என்றான் டிஜோ.

"அவரு ஒருநாளும் விளிக்க மாட்டாருடே. இவருதான் அவுத்து விடுதாரு."

ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற மனுஷன், இப்படியா வாய் கூசாமல் பொய் சொல்வது? அப்பா குரலில் பேசி ஊரை ஏமாற்றிய நான், ஏணி உச்சியில் நின்று அவருடைய ஆத்துமாவுக்காக வருத்தப்பட்டேன்.

சனிக்கிழமை வந்தது. மாமா மேலே நின்று, படகு நைலானில் தானே பின்னிய புது வலையை ரிங்கில் கட்டிக்கொண்டிருந்தார். அப்பா பையோடு உள்ளே வந்தார். பச்சைப் போஸ்ட்டைப் பார்த்தார். ஏணியைப் பார்த்தார்.

"உன்ன யாருடே இஞ்ச விளிச்சா?"

நான் கீழே கிடந்த பந்தை எடுத்துக்கொண்டேன்.

"நீதான்" என்றார் மாமா, திரும்பாமலே. "செவ்வாய்க்கெழம. போன்ல."

அப்பா என்னைப் பார்த்தார். நான் பந்தைப் பார்த்தேன். அதில் எத்தனை கோடு என்று அப்போதுதான் எண்ணினேன்.

அப்பா பையை இறக்கி வைத்தார். போய் ஏணிக்காலைப் பிடித்தார்.

"ஆமா. விளிச்சேன். பைய எறங்கு, ஏணி ஆடுது."

தப்பித்தேன்! ஒரே போனில் ரெண்டு பெரிய மனுஷர்களை ஏமாற்றியாகிவிட்டது. எனக்கு நானே கைதட்டலாம் போலிருந்தது.

மாமா இறங்கி வந்தார். பச்சைக் கையை என் தலையில் துடைத்தார்.

"மக்கா, இனி உனக்க அப்பன மாதிரி விளிக்கும்போ கொஞ்சம் தள்ளி நின்னு விளி. போன்ல கேக்கதுக்கு முன்னாடி மதிலு வழியா கேட்டுப்போச்சு."