கூடைக்கடியில் ஒரு காலடி

“நிக்க முடியலைங்க... காலு வெடவெடங்குது” என்று சொல்லி, அங்கமுத்து எக்ஸ்ரே பலகையிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

படம் பிடிக்கும் செல்லமுத்துவுக்கு எரிச்சல். கொல்லைப்புறத்தில் எக்ஸ்ரேவுக்கு மின்சாரம் தரும் ஆயில் என்ஜின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. யுத்த காலத்தில் எண்ணெய் என்ன சும்மாவா கிடைக்கிறது?

“ஏன்யா, ஆபரேஷனுக்கு முன்னாடி இதே பலகையில சிப்பாய் மாதிரி நின்னியே. இப்ப என்ன வந்துச்சு?”

“வாசல்ல போலீசு நிக்குதேங்க. பயம் இருக்காதா?” என்றாள் அங்கமுத்துவின் மனைவி தனம். புருஷனுடைய பூட்ஸை மார்போடு அணைத்தபடி மூலையில் ஒடுங்கி நின்றாள்.

“சரி சரி. மேஜையில படு. காலை மட்டும் அசைக்காத.”

என்ஜின் இரைச்சல் ஏறியது. தனம் கண்களை இறுக மூடிக்கொண்டாள். அந்தப் படத்தில் என்ன விழுமோ, அதில்தான் அங்கமுத்துவின் கழுத்து இருந்தது.

வராந்தாவில் சப்-இன்ஸ்பெக்டர் சிவசுப்பிரமணியன் டாக்டரிடம் பேசுவது தெளிவாகக் கேட்டது.

“மதுரைவீரன்னு கரும்புக்கொல்லைக் காவல்காரன், திருமானூர் பக்கம். நேத்து விடியக்காலையில வெட்டுப்பட்டுக் கிடந்தான். பக்கத்துல ஈரமண்ணுல ஒரே ஒரு காலடி. அழிஞ்சிடாம இருக்க ஊர்க்காரங்க விவரமா அது மேல கூடையைக் கவிழ்த்து வச்சிருக்காங்க. முழு உள்ளங்காலும் பதிஞ்சிருக்கு டாக்டர். நடுவுல பள்ளமே இல்ல.”

“தட்டைப் பாதமா?”

“அந்த ஊருக்கே ஒரு தட்டைக்காலன் இவன்தான். பட்டாளத்துல சேரப் போயி, காலைப் பார்த்துட்டுத் திருப்பி அனுப்பிட்டாங்க. வாத்து வருது வாத்து வருதுன்னு மதுரைவீரன் சந்தையில வச்சுக் கேலி பண்ண, ரெண்டு பேரும் கட்டிப் புரண்டிருக்காங்க.”

“தடத்துக்குப் பக்கத்துல மிதிக்கச் சொல்லிப் பார்த்தா தெரிஞ்சிடுமே?”

“ஊர் ஆம்பளை அத்தனை பேரையும் மிதிக்க வச்சாச்சு. இவன் மட்டும், கால் ஆபரேஷனுக்கு அப்புறம் நீங்க குடுத்த சீட்டைத் தூக்கி நீட்டுறான். நீங்க சொல்ற வரைக்கும் பூட்ஸைக் கழட்டி மண்ணுல கால் வைக்கக்கூடாதாமே. நான் மிதிக்க வச்சா, போலீசு என் காலைக் கெடுத்துடுச்சுன்னு கோர்ட்டுல சொல்லுவான். நீங்களே படம் பார்த்துச் சொல்லிடுங்க. கால் சரியாயிருந்தா தடம் இவனுது இல்ல. சரியாகலேன்னா...”

அவர் கையிலிருந்த விலங்கு கிலுகிலுத்தது. தனம் வெளியே ஓடி வந்தாள்.

“ஐயா, பூட்ஸ் இல்லாம எங்க வூட்டுக்காரரு வாசப்படி தாண்டுனதில்லீங்க! மாரியாத்தா மேல சத்தியமா!”

“அதெல்லாம் படம் சொல்லும். நீ அப்படிப் போம்மா.”

படம் கழுவி வரும்வரை தனம் மாரியாத்தாளை வேண்டிக்கொண்டே நின்றாள். டாக்டர் பழைய படத்தையும் புதிய படத்தையும் ஜன்னல் வெளிச்சத்தில் சேர்த்துப் பிடித்தார். பழையதில் பாத எலும்புகள் சரிந்து தரையோடு கிடந்தன. புதியதில் அதே எலும்புகள் வாய்க்கால் பாலம் போல வளைந்து எழும்பியிருந்தன.

“எப்பவும் போலத்தானே எடுத்த?”

“ஆமாங்க சார்” என்றான் செல்லமுத்து, என்ஜினை நிறுத்த ஓடுகிற ஓட்டத்தில்.

டாக்டரின் முகம் மலர்ந்தது. மேஜையில் படுத்திருந்த அங்கமுத்துவின் உள்ளங்காலில் கட்டைவிரலை வைத்தார். விரல் குழிக்குள் புதைந்தது.

“பாத்தீங்களா என் கைவேலையை! இந்தக் கால் பதிஞ்சா நடுவுல பிறை மாதிரி பள்ளம் விழும் சார். உங்க தடம் வேற யாரோடதோ.”

சப்-இன்ஸ்பெக்டர் ஏமாற்றத்துடன் தொப்பியை எடுத்தார். “இன்னொரு தட்டைக்காலன் எங்கயோ இருக்கான். அவன் கிடைக்கிற வரைக்கும் அந்தக் கூடை அங்கயேதான் இருக்கும்.”

“அங்கமுத்து, பூட்ஸை வச்சிட்டுப் போ. ஆஸ்பத்திரி சாமான், அடுத்த ஆளுக்கு ஆகும்” என்றார் டாக்டர். “இனிமே வெறுங்காலோட தாராளமா நட.”

அங்கமுத்துவின் முகத்தில் ஈயாடவில்லை. பாவம், பயம் இன்னும் தெளியவில்லை என்று நினைத்துக்கொண்டாள் தனம்.

கரிப்புகையில் ஓடும் பஸ் திருமானூரில் இறக்கிவிட்டபோது பொழுது சாய இன்னும் நேரமிருந்தது. மழை அப்போதுதான் விட்டிருந்தது. வாய்க்கால் கரையில் இருபுறமும் கரும்பு. அவன் வெறுங்காலோடு முன்னால் போக, அவள் பின்னால் நடந்தாள். உயிர் திரும்பி வந்த சந்தோஷத்தில் வாய் ஓயவில்லை.

“வர்ற செவ்வாக்கெழமை மாரியாத்தாளுக்குப் பொங்க வச்சிடணும் மாமா. டாக்டர் மகராசன், ஒரே படத்துல உங்க உசுரைக் காப்பாத்திட்டாரு. நான் அப்பவே...”

அவள் பார்வை சேற்றில் விழுந்திருந்தது.

குதிகாலிலிருந்து விரல் வரைக்கும் முழுசாக, அடை தட்டியது போல ஒரு காலடி. அதற்கு முன்னால் இன்னொன்று. படுத்திருந்தபோது டாக்டரின் விரல் புதைந்த அந்தக் குழி, உடம்பின் பாரம் ஏறியதும் இருந்த இடம் தெரியாமல் அமுங்கிப் போயிருந்தது.

தனம் அங்கேயே நின்றுவிட்டாள். அங்கமுத்து திரும்பிப் பார்க்காமலே, மெதுவாகச் சொன்னான்.

“நிக்காத தனம். என் தடத்து மேலயே மிதிச்சு வா.”