பொருந்தாத எண்

கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு, ஜனார்தனன் ஏழாவது முறையாகத் தன் கைபேசிக்கு வந்த எண்ணைப் படித்தார்.

"நாலு... ஒண்ணு... எட்டு... இன்னொரு எட்டு... ரெண்டு... அஞ்சு. ஆறையும் சொல்லிட்டேன்மா."

கணினி முன் உட்கார்ந்திருந்த ஆபீஸ் ஊழியை ஏஞ்சலின் அடித்து முடித்து என்டரைத் தட்டினாள். கறுப்புத் திரையில் ஒரு வரி வந்து நின்றது. எண் பொருந்தவில்லை.

"இன்னா சார் இது, பெரிய பேஜாரா பூடுச்சி," என்றார் பின்னால் நின்றிருந்த மேனேஜர் சுப்பராயன். "மூணு மணியிலருந்து இதே கதை. உங்களுக்குக் கண்ணு தெரியுதா, இல்லியா?"

ஜனார்தனனுக்குச் சுருக்கென்றது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருக்கும் இந்த வார்ப்படக் கம்பெனிக்கு இருபத்திரண்டு வருடமாக லாரி புக் செய்தவர் அவர். எத்தனையோ ஆயிரம் வண்டி நம்பர்களை எழுதியிருக்கிறார், ஒன்றில்கூட ஒரு இலக்கம் மாறியதில்லை. திருவள்ளூரிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வந்து அவர் சேர்த்து வைத்தது அந்தப் பெயர் ஒன்றைத்தான்.

இன்று அவருக்குக் கடைசி நாள். திங்கட்கிழமையிலிருந்து அவர் வேலையை ஏஐ ஏஜென்ட் என்கிற கணினி நிரல் பார்க்கும். இன்றைக்கே நாலு லாரியை அது தானாக புக் செய்து காட்ட வேண்டும் என்பது தலைமை அலுவலகத்தின் உத்தரவு.

அதற்கு முதலில் ஏஜென்ட்டை லாரி புக்கிங் சேவையோடு இணைக்க வேண்டும். தலைமை அலுவலகம் அனுப்பிய கமாண்டுகளை, அதாவது கணினிக் கட்டளைகளைத்தான் ஏஞ்சலின் அடித்துக்கொண்டிருந்தாள். இணைப்புக்கு ஒப்புதல் எண் கேட்டது. அந்த எண்ணோ, சேவையில் பதிவாகியிருக்கும் கைபேசிக்குத்தான் வரும். பதிவாகியிருந்தது ஜனார்தனனின் சொந்த நம்பர்.

ஆக, தன் பிழைப்பைப் பிடுங்க வரும் சனியனுக்கு அவரே கதவைத் திறந்துவிட வேண்டும். அதுவாவது சட்டென்று திறந்து தொலைகிறதா என்றால் அதுவும் இல்லை. ஒவ்வொரு தடவையும் கமாண்டை முதலிலிருந்து ஓட்டி, எண் வருகிற வரை கால்மணி நேரம் கைபேசியையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது.

எட்டாவது எண் வந்தது. நிறுத்தி நிதானமாகப் படித்துக்கொண்டே ஜனார்தனன் திரையை எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, நீ அடிக்கறது ஒண்ணுமே இதுல காணலையே?"

"இதுல காட்டாது சார். ரகசிய நம்பரு இல்ல, பக்கத்துல கீறவங்க பாத்துடக் கூடாதுன்னு அப்டி வச்சிக்கிறாங்க."

எண் பொருந்தவில்லை. இந்த முறை கூடவே ஓர் எச்சரிக்கையும் வந்தது. இன்னும் இரண்டு தடவை தவறினால் முப்பது நாளைக்கு இணைப்பு கிடையாது.

சுப்பராயனுக்கு வியர்த்தது. காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குப் போக வேண்டிய பெட்டிகள் வாசலில் அடுக்கிக் கிடந்தன. ஆறு மணிக்குள் லாரி வராவிட்டால் சரக்கு கப்பலைப் பிடிக்காது, அவர் தலைதான் உருளும்.

"வேணும்னே தப்பா சொல்றீங்களா சார்? போற நேரத்துல நல்ல பேரோட போங்க."

ஜனார்தனன் கைபேசியை அவர் பக்கம் நீட்டினார். "நான் அந்த மாதிரி மனுஷன் இல்லை சார். இந்தாங்கோ, நீங்களே படிங்கோ. எனக்கும் இது முடிஞ்சு ஆத்துக்குப் போனாப் போதும்."

கைபேசியை வெடுக்கென்று வாங்கிக்கொண்டார் சுப்பராயன். ஒன்பதாவது எண்ணை அவரே உரக்கப் படித்தார். பொருந்தவில்லை. பத்தாவது வந்தபோது ஒவ்வொரு இலக்கத்தையும் இரண்டிரண்டு தடவை சொன்னார். அதுவும் பொருந்தவில்லை.

அவ்வளவுதான், தலைமை அலுவலகத்துக்கு போன் போட்டுவிட்டார்.

"ஏஜென்ட்டும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம் சார். நானே படிச்சேன், நானே. அது எடுக்க மாட்டேங்குது. இதை நம்பிக்கினு இருந்தா சரக்கு இங்கியேதான் கெடக்கும். லாரிக்கு ஜனார்தனன் இருப்பாரு. ஒரு மாசத்துக்கு இல்ல, நான் இங்க இருக்கிற வரிக்கும் இருப்பாரு."

எதிர்முனையில் என்னென்னவோ சத்தம் கேட்டது. கடைசியில் இவர் பக்கம்தான் ஜெயித்தது. ஜனார்தனனின் முகத்தைப் பார்க்க முடியாமல் கைபேசியைத் திருப்பி நீட்டினார்.

"நீங்களே புக் பண்ணுங்க சார். திங்கக்கெழம எப்பவும்போல வந்துடுங்க."

பழக்கப்பட்ட கை. ஐந்தே நிமிடத்தில் நாலு லாரியும் உறுதியாகிவிட்டன. சுப்பராயன் பெருமூச்சு விட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

ஜனார்தனன் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். போன வேலை திரும்பி வந்த சந்தோஷத்தில் கண் கலங்கியது உண்மைதான். ஆனாலும் கணக்கு உதைத்தால் அவருக்குச் சோறு இறங்காது.

"மத்தியானம் பூரா உன் உழைப்பு வீணாப் போச்சேம்மா," என்றார் ஏஞ்சலினிடம். "நானும் சரியாத்தான் படிச்சேன், அவரும் சரியாத்தான் படிச்சார். பின்னே தப்பு எங்கேதான் நடந்தது?"

ஏஞ்சலின் கணினியை அணைத்துவிட்டுச் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"என் வெரல்ல சார். பத்து வாட்டியும் கடைசி நம்பர மாத்தி அடிச்சது நான்தான்."