டிரெய்லரின் வால்

பூட்டைத் திறந்த பிறகும் டிரெய்லரின் கழுத்து டீசல் பிக்கப்பை விடவில்லை. வளைந்து வரும் அந்தக் கழுத்து, பிக்கப்பின் சரக்குத் தொட்டிக்குள் இருக்கும் இரும்புக் குமிழின்மேல் தொப்பிபோல் உட்காரும். பெலவேந்திரனே வெட்டிப் பற்றவைத்தது. முன்பெல்லாம் அவரும் மகன் டெரன்சுமே தூக்கிவிடுவார்கள். இன்று நான்கு ஆண்கள் தூக்கியும் அசையவில்லை.

"வண்டி மட்டும் போதும்னுதான வந்தேன் அண்ணாச்சி. இந்தக் கொக்கையும் கூட்டிட்டுப் போய் நான் குளத்துலயா விட?" என்றார் வாங்க வந்தவர்.

வண்டி இன்றே போயாக வேண்டும். டெரன்ஸ் வள்ளத்தோடு கடலில் காணாமல் போனதிலிருந்து, வண்டியைக் கிளப்பும் சத்தம் கேட்டாலே, "பிள்ள வந்துட்டான்" என்று மனைவி சலேத் சோறு எடுத்துவைக்கிறாள்.

பெலவேந்திரன் டிரெய்லரைச் சுற்றி வந்தார். அப்போதுதான் பிடிபட்டது. கழற்றிய போதெல்லாம் மேலே வள்ளம் இருந்தது. அதன் பின்புறத்து எஞ்சின் டிரெய்லரின் வாலை அழுத்தியதால் கழுத்து லேசாகியிருக்கிறது. இப்போது வாலில் ஒன்றும் இல்லை.

"சலேத்து, மருமவளையும் கூட்டிட்டு வா. ரெண்டு பேரும் வால்ல ஏறி நில்லுங்க."

"எதுக்கு?"

"எஞ்சின் இருந்த எடத்துல கனம் வேணும்."

இருவரும் ஏறி நின்றார்கள். கழுத்து குமிழை விட்டு எழுந்தது; பிக்கப் முன்னால் நகர்ந்தது.