ஜாமீன் கையெழுத்து

செங்கமலம் நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்திருந்தாள்.

எதிரே, அரசு நல அலுவலகத்தின் கடன் பிரிவு அதிகாரி ஆத்மநாதன் அவளுடைய விண்ணப்பத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவர் ஒவ்வொரு தாளாகப் புரட்டப் புரட்ட, அவள் சேலைத் தலைப்பைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

புதுக்கோட்டை பேருந்து நிலையத்தில் இருபத்தாறு வருடமாகத் தரையில் துணி விரித்துப் பாசிமணி விற்பவள். மழை வந்தால் மூட்டை கட்ட வேண்டும். போலீஸ்காரர் வந்தாலும் மூட்டை கட்ட வேண்டும்.

இப்போது அங்கே ஒரு பெட்டிக்கடை காலியாகியிருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கட்டினால் அவளுக்கு. இல்லையென்றால் செல்போன் கவர் விற்பவருக்கு.

இன்று புதன்.

நரிக்குறவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்த்த பிறகு, அவளுடைய காலனியிலிருந்து இந்தக் கடனுக்கு விண்ணப்பித்த முதல் பெண் அவள்தான். சாதிச் சான்றிதழுக்கு மட்டும் ஏழு மாதம் அலைந்தாள்.

“எல்லாம் சரியா இருக்கும்மா. ஜாமீன்தான் இல்லை. கவர்மென்ட் சம்பளம் வாங்குறவங்க ஒருத்தர் கையெழுத்துப் போடணும். ஒங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்காங்களா?”

அவள் கண்கள் அறை முழுக்க அலைந்தன. காலண்டர், மின்விசிறி, கட்டுக்கட்டாகக் கோப்புகள். ஜன்னலோர மேசைப் பக்கம் மட்டும் போகாமல் திரும்பி வந்தன.

“பாசி விக்கிறவளுக்கு யாரைங்க சார் தெரியும்?”

சொல்லிவிட்டு அவசரமாக எழுந்தாள். கடை போனால் போகட்டும். இன்னும் ஒரு நிமிடம் இங்கே இருந்தால் ஏதாவது ஆகிவிடும் போலிருந்தது.

ஜன்னலோரத்தில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

இளநிலை உதவியாளர் புவனேஸ்வரி. திருச்சியிலிருந்து மாற்றலாகி வந்து மூன்று மாதம் ஆகிறது. அதிகம் பேசமாட்டாள். சொந்த ஊர் எது என்று கேட்டால், “திருச்சிப் பக்கம்” என்பாள். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை.

“நான் போடுறேன் சார்.”

பக்கத்து மேசைகளில் பேச்சு நின்றது.

ஆத்மநாதன் கண்ணாடியைக் கழற்றினார். “ஒங்களுக்கு இவங்களைத் தெரியுமா?”

செங்கமலம் முந்திக்கொண்டாள். “தெரியாதுங்க சார். அந்தப் பொண்ணு ஏதோ பாவம் பாத்துச் சொல்லுது. வேணாங்க, நான் இன்னொரு நாளைக்கு வாரேன்.”

புவனேஸ்வரி ஆத்மநாதனின் மேசைக்கு வந்தாள். ஜாமீன் படிவத்தை இழுத்து நின்றபடியே நிரப்பினாள். பெயர், பதவி, சம்பளம், முகவரி. ஒரு கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. அலுவலகமே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு அதையும் எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டாள்.

நகல் எடுத்துவந்து செங்கமலத்திடம் நீட்டினாள். செங்கமலம் முகத்தை நிமிர்த்தாமலே வாங்கிக்கொண்டு வெளியே விரைந்தாள்.

வராந்தாவில், ஆடு வாங்கக் கடன் கேட்டு வல்லத்திராக்கோட்டையிலிருந்து வந்திருந்த உண்ணாமலை காத்திருந்தாள். கையில் மடித்த செய்தித்தாள் இருந்தது. செங்கமலம் அவளிடம் போய் நின்றாள்.

“எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. இந்த எடத்துல அந்தப் பொண்ணு ரொம்ப நேரம் யோசிச்சு எழுதுச்சு. என்னன்னு பாத்துச் சொல்றீங்களா?”

உண்ணாமலை தாளை வெளிச்சத்தில் பிடித்தாள்.

“கடன் வாங்குறவங்க, ஜாமீன் போடுறவங்களுக்கு என்ன உறவுன்னு கேட்டிருக்கு. தாயார்னு எழுதியிருக்காங்க.”

செங்கமலம் தாளைச் சட்டென்று வாங்கி மடித்துக்கொண்டாள். கதவோரமாக உள்ளே எட்டிப் பார்த்தாள். படிவம் இப்போது ஆத்மநாதன் கையில் இருந்தது.

“அதை அழிச்சுற முடியுங்களா?”

“எப்படிங்க? பேனாவுலல்ல எழுதியிருக்கு.”