கோபம் வராத மேர்சி

கைபேசியில் ஒரு பழைய விண்வெளித் தொடரைப் பார்த்ததிலிருந்து லெனாட்டுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அன்றைய அத்தியாயத்தில், கப்டனின் மனைவி உருவில் வேற்றுக்கிரகத்து ஆள் ஒருத்தி வீட்டுக்குள் புகுந்துவிடுகிறாள். என்ன செய்தாலும் கோபம் வராது, அதுதான் அடையாளம்.

அவன் மனைவி மேர்சியும் கொஞ்ச நாளாக ஏசுவதே இல்லை.

சோதித்துப் பார்த்தான். கடலிலிருந்து வந்து, சேற்றுக்காலோடு வீட்டுக்குள் நடந்தான்.

"பரவாயில்லை, நான் துடைக்கிறன்."

ஈர வலையைத் தூக்கி அவளுடைய புதுச்சீலையில் போட்டான்.

"தோய்ச்சால் போகுது," என்று சிரித்தாள்.

லெனாட் ஒரு அடி பின்வாங்கினான். "மேர்சி, உண்மையைச் சொல்லு. நீ ஆர்?"

"களைச்சுப்போனியள். தேத்தண்ணி ஊத்தட்டே?"

அதன்பிறகு அவனுக்கு ஒழுங்கான நித்திரையே இல்லை.

உயிர்த்த ஞாயிறுப் பூசை முடிந்து கோயில் வாசலைத் தாண்டியதும் மேர்சி சடாரெனத் திரும்பினாள்.

"நீங்கள் ஒரு மனிசனே? சேத்துக்காலோடை வீட்டுக்கை வாறதோ? என்ரை புதுச்சீலையிலையோ மீன்வலை போடுறது? தவக்காலம் முடியுமட்டும் ஏசமாட்டன் எண்டு சுவாமியாரிட்டைச் சொல்லிப்போட்டு நான் பட்ட பாடு!"

சனம் நின்று பார்த்தது. லெனாட் கண்கலங்கிச் சிலுவை போட்டுக்கொண்டான்.

"ஆண்டவரே, இவள் என்ரை மேர்சியேதான்!"