முயல் தூங்குகிறது

மரத்தரையின் நடுவே, ஜன்னல் வெயில் விழுந்த இடத்தில், காது தொங்கிய துணி முயல் ஒன்று படுத்திருக்கிறது. "அது தூங்குது. எழுப்பிடாம சுத்தி வரணும்," என்று பாலே நடன டீச்சர் கிசுகிசுக்க, நாலு வயசுப் பட்டாளம் கைகளை விரித்துக்கொண்டு நுனிக்காலில் கிளம்புகிறது. பாதிப் பேர் கண்ணாடியில் தங்களையே ரசித்தபடி முன்னால் போகிறவள் முதுகில் மோதுகிறார்கள். ஒருத்தி நடந்துகொண்டே கொட்டாவி விடுகிறாள். வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து அப்பாவின் பேன்ட்டை விடாத சுருட்டைமுடிக்காரி மட்டும் இன்றும் வாசலோரம் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். திடீரென்று அப்பாவின் போன் அலறுகிறது. அவர் பதறிப்போய்ப் பையைத் துழாவுகிறார். அவள் நிமிர்ந்து முறைக்கிறாள். "அய்யோ அப்பா, முயல் எந்திரிச்சிடும்." அப்பாவின் பேன்ட்டை விட்டுவிட்டு, குதிகாலைத் தூக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, நுனிக்காலிலேயே வெயில்வரை போய் உட்கார்ந்து முயலின் இரண்டு காதையும் பொத்துகிறாள். டீச்சர் கவனிக்காததுபோல் பட்டாளத்தைக் கையசைத்து நடத்துகிறார். இப்போது பாராட்டினால் திரும்பி ஓடிவிடுவாள் என்று அவருக்குத் தெரியும். பட்டாளம் அவளையும் சேர்த்துச் சுற்றி வருகிறது. சற்றைக்கெல்லாம் அவளும் எழுந்து வரிசையில் நுழைகிறாள், வாசல் பக்கம் திரும்பாமலே. அப்பா போனை அணைத்துவிட்டு, தொடைப்பக்கம் கசங்கிய பேன்ட்டோடு, நுனிக்காலில் பின்வாங்குகிறார்.