எவனோ எழுதிய கருவி

"எவனோ ஒருத்தன் நம்ம பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டான்!"

அண்ணன் தட்டிய தட்டில் மேசை மேலிருந்த காபிக் கோப்பை ஒரு குதி குதித்தது.

தங்கை லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கினாள். செல்போனுக்கான இயங்குதளம் செய்கிற கம்பெனி அண்ணனுடையது. அந்தத் தளத்துக்குச் செயலி எழுத வெளியாட்களை இழுத்து வருகிற பாடு அவளுடையது.

"என்னண்ணா ஆச்சு?"

"இணையத்துல ஒரு கருவியை ஓசியா விட்டிருக்கான். பேரும் இல்ல, ஊரும் இல்ல. அதுல ஒரு தடவை செயலி எழுதினா நம்ம தளத்துலயும் ஓடுமாம், பெரிய கம்பெனி தளத்துலயும் ஓடுமாம்!"

"நல்லதுதானே? ஒரே செயலியை ரெண்டு தடவை எழுத யாருக்கு நேரம் இருக்கு? இத்தனை நாளா நம்ம செயலிக் கடை ஒரு கால்குலேட்டரை வச்சு ஈ ஓட்டிட்டு இருந்துச்சு. அந்தக் கருவி வந்தப்புறம்தான் பஸ் டிக்கெட்டு, பேங்கு, பாட்டுன்னு வந்து குவியுது."

"அதெல்லாம் என் மேடைப் பேச்சைக் கேட்டு வந்த கூட்டம்!"

அந்தப் பேச்சுக்கு வாசல் காவலாளியே கொட்டாவி விட்டார் என்று சொல்ல வந்ததை அவள் விழுங்கிக்கொண்டாள்.

"ரெண்டு படகுல கால் வைக்கிறவன் எனக்கு வேண்டாம். அந்தக் கருவியில செஞ்ச ஒரு செயலிகூட நம்ம கடைக்குள்ள இருக்கக் கூடாது. தடை போடு!"

"வேண்டாம்ணா. வெள்ளிக்கிழமை போன் கம்பெனி மேடம் வராங்க. அவங்க போன்ல நம்ம தளத்தைப் போட்டாத்தான் நமக்கு வாழ்வு. இல்லேன்னா எல்லாரும் வீட்டுக்குத்தான்."

"கெஞ்சற கடைக்காரன் சரக்கு விலை போகாது. நான் பேசிக்கறேன், நீ சொன்னதைச் செய்."

செய்தாள்.

வெள்ளிக்கிழமை வந்த மேடம் உட்கார்ந்ததும் மாதிரிப் போனை எடுத்துச் செயலிக் கடையைத் திறந்தார். கால்குலேட்டர் பல்லிளித்தது.

"மத்ததெல்லாம் எங்க சார்?"

"தரம் பார்த்து வடிகட்டிட்டோம் மேடம். எவனோ ஒரு களவாணி விட்ட கருவியில செஞ்ச குப்பை."

மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அந்தக் களவாணி நான்தான்."

தண்ணீர் பாட்டிலை நீட்டிய அண்ணனின் கை அப்படியே நின்றது.

"செயலி இல்லாத போனை எந்த மகராசன் வாங்குவான்? உங்க தளம் நல்ல தளம். எழுத ஆள் வராமலே செத்துடுமேன்னு எங்க கம்பெனிப் பிள்ளைங்களை வச்சு அந்தக் கருவியைச் செஞ்சேன். எங்க பேரைப் போட்டா, உங்க தளம் எங்களுக்கு வேணும்னு தெரிஞ்சு நீங்க விலையை ஏத்திடுவீங்க. அதான் போடல."

மேடம் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

தங்கை அண்ணனைப் பார்த்தாள். அவள் மட்டுமா? மேசையைச் சுற்றியிருந்த ஊழியர்கள் அத்தனை பேரும் பார்த்தார்கள்.

அண்ணன் துள்ளி எழுந்தார். மேசையில் ஓங்கி ஓர் அறை விட்டார்.

"எவன்யா தடை போட்டது? மேடம் எவ்வளவு பெரிய மனசோட ஒரு காரியம் பண்ணியிருக்காங்க! போட்டவன் எவனா இருந்தாலும் சரி, மேடம் வாசல் தாண்டறதுக்குள்ள அதை எடுத்தாகணும்!"